பெரியவருக்குப் பொட்டு

செப்டம்பர் 1, திங்கள்

இன்றிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். ஆசைப்பட்டு அல்ல, மேலதிகாரி சொல்லி. "தனபாலன் சான், வீடுகளில் என்ன விற்கும் என்று கணிப்பவர் முதலில் தன் வீட்டில் என்ன நடக்கிறது என்று எழுதிப் பார்க்க வேண்டும்" என்றார் குவாபாரா சான். நல்லவேளை, அவருக்குத் தமிழ் தெரியாது. மனசில் பட்டதை எழுதலாம்.

விஷயம் இதுதான். நான் தோக்கியோவில் ஒரு வீடியோ கேம் கம்பெனியின் விற்பனைக் கணிப்புப் பிரிவில் இருக்கிறேன். நவம்பரில் எங்களுடைய 'தவளைப் படகு' வெளிவருகிறது. ஒரு தவளை படகோட்டி, விலங்குகளை ஏற்றிக்கொண்டு ஒவ்வோர் ஆறாகக் கடக்கிறது. யாரை யார் பக்கத்தில் உட்கார வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நரியைக் கோழி பக்கத்தில் உட்கார வைத்தால் முடிந்தது கதை.

இது இரண்டு கருவிகளுக்கு வருகிறது. டிவியில் மாட்டி விளையாடும் பெரிய பெட்டி ஒன்று, அதை நான் பெரியவர் என்பேன். கையில் பிடித்து விளையாடும் குட்டி ஒன்று, அது சின்னவன். எதற்கு எத்தனை பிரதி போடுவது என்று அக்டோபர் 3 கூட்டத்தில் முடிவாகும். ஜப்பானில் சின்னவன்தான் விற்கும் என்கிறது மொத்த அலுவலகமும். வருஷக்கணக்கான விற்பனைப் பட்டியல்களும் அதையே சொல்கின்றன. நான் ஒருவன்தான் பெரியவர் பக்கம். ஒரு தவளையின் தோல் நனைந்து மினுங்குவதை உள்ளங்கை அகலத் திரையில் பார்க்கிறவன் மனிதனா?

சின்னச் சிக்கல் ஒன்று உண்டு. என்னுடைய போன இரண்டு கணிப்புகளும் தப்பு. இதுவும் தப்பானால் நான் சென்னை சிறுசேரி அலுவலகத்துக்கு மாற்றல். எழிலரசி இங்கே இந்தியப் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

"இந்தத் தடவ சொதப்பிறாதீங்க, ப்ளீஸ்" என்றாள் காலையில்.

சொதப்ப மாட்டேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

அலுவலகத்தில் பெரியவரையும் சின்னவனையும் வீட்டுச் சோதனைக்குக் கொடுத்துவிட்டார்கள். பெரியவரை டிவிக்குக் கீழே வைத்தேன். எங்கள் டிவி அறுபத்தைந்து அங்குலம், வீடு அதைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. ஃபிரிட்ஜில் முதுகை ஒட்டி உட்கார்ந்தால்தான் படம் முழுசாகத் தெரியும்.

சின்னவனை உறையைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் போட்டேன்.

ஊரிலிருந்து போன வாரம் வந்திருக்கும் அத்தை, அதாவது எழிலின் அம்மா, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மங்கையர்க்கரசி டீச்சர் என்றால் விருதுநகரில் தெரியாத ஆள் கிடையாது. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஏன் மாப்ள, இதுதான் உங்க வேலையா?"

"ஆமா அத்தை."

"இந்த மாதிரிச் சாமான் எத்தனை பறிமுதல் பண்ணிருப்பேன் தெரியுமா? ஒரு பீரோ நிறைய இருந்துச்சு. தொட்டா கையக் கழுவிட்டுத்தான் மறுவேலை பாப்பேன்."

அத்தைக்கு மூன்று மாத விசா. முடிந்துவிடும்.

செப்டம்பர் 3, புதன்

மாலை பெரியவரில் விளையாட உட்கார்ந்தேன். அத்தை ஹாலில்தான் படுப்பார், இன்று சீக்கிரமே படுத்துவிட்டார். நாளை கண்டிப்பாக.

செப்டம்பர் 4, வியாழன்

எழிலுக்கு ஹாலில் வீடியோ மீட்டிங். நாளை.

செப்டம்பர் 6, சனி

பெரியவரில் விளையாடினேன்! இரண்டு ஆறுகள் கடந்தேன். மூன்றாவது ஆற்றில் அத்தை வந்து பின்னால் நின்றார். மனிதர் பின்னால் நின்றால் தெரியாது, தலைமையாசிரியை நின்றால் தெரிகிறது. கழுத்து தானாகவே குனிந்தது. அணைத்துவிட்டு, வெங்காயம் வாங்கி வரப் போனேன்.

செப்டம்பர் 8, திங்கள்

இன்று ஒரு பயங்கரம்.

அறிக்கையில் ஒப்பீட்டுக்கு ஒரு வரி எழுத வேண்டுமே என்று சின்னவனை எடுத்தேன். உறை பிரிந்திருந்தது, ஆன் செய்தால் இருபத்து மூன்றாவது ஆறு! நான் தொட்டதே இல்லை. கருவி தானாகவே விளையாடியிருக்கிறது. படகில் பயணிகள் எல்லோரும் உயர வரிசைப்படி உட்கார்ந்திருந்தார்கள். எலி முன்னால், ஒட்டகச்சிவிங்கி கடைசியில், நரி மட்டும் தனியாக ஓர் ஓரத்தில். எந்த மனிதன் இப்படி உட்கார வைப்பான்? இது இயந்திரத்தின் வேலைதான்.

பொத்தான்களில் லேசாக மஞ்சள் கறை வேறு. தயாரிப்புக் குறைபாடு.

உடனே பிழை அறிக்கை அனுப்பினேன். தலைப்பு: 'யாரும் தொடாமலே முன்னேறுகிறது.' சின்னவனின் தரம் இவ்வளவுதான் என்று இனி அலுவலகத்துக்கே தெரியும்.

செப்டம்பர் 10, புதன்

பொறியாளர்கள் ஒரு குழுவே என் பிழையில் இறங்கியிருக்கிறது. எனக்கு இவ்வளவு மரியாதை இதுவரை கிடைத்ததில்லை. சின்னவனை இனி என்னோடு எடுத்துச் சென்று கண்காணிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கருவியில் தனித்தனி ஆட்டங்களாக மூன்று படகுகள் வரை வைத்துக்கொள்ளலாம். பேய்ப் படகு முதலாவது. அதைத் தொடாமல், இரண்டாவதாக ஒன்றைத் தொடங்கினேன். ஆராய்ச்சிக்காக மட்டும்.

செப்டம்பர் 11, வியாழன்

காலையில் சின்னவனைப் பையில் போட்டதும் அத்தை வாசலை மறித்தார்.

"அத எதுக்கு ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போறீங்க?"

"வேலை அத்தை."

"ட்ரெயின்ல எவனாச்சும் பிடுங்கிட்டுப் போயிருவான். வீட்ல வச்சிட்டுப் போங்க."

மணிபர்ஸைத் தொலைத்தால் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிற ஊர் இது. ஆனாலும் அவர் அக்கறை என்னை நெகிழ வைத்தது. மாமியாரைப் பற்றி நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேனோ?

எங்கள் நிஷி-கசாய் நிலையத்தில் ரயில் ஏறும்போது நிற்க இடமில்லை. இரண்டு கைகளையும் மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டால் சின்னவன் சரியாகப் பொருந்துகிறான். தற்செயல்தான். சுற்றிலும் பார்த்தேன், ஒரு டை கட்டியவர், பள்ளிப் பெண் ஒருத்தி, ஒரு சமையல்காரர், எல்லோர் கையிலும் ஒரு சின்னவன். ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் அவரவர் ஆட்டத்தில் இருந்தார்கள். அறிக்கைக்கு இது தேவையில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டி, ரயில் கடைசியாக நிற்கும் நகானோ வரை போய்விட்டேன். அறிவிப்பு சரியாகக் கேட்கவில்லை. ஜப்பான் ரயில்வேயின் தரம் குறைந்துவருகிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

மறுபடியும் நகானோ.

செப்டம்பர் 18, வியாழன்

நேற்று சின்னவனை மறந்து வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். இன்று பார்த்தால் பேய்ப் படகு நாற்பத்தாறாவது ஆற்றில் நிற்கிறது. அதைவிடக் கொடுமை, மூன்றாவதாக ஒரு படகு முளைத்திருக்கிறது! பன்னிரண்டு ஆறுகள் கடந்து, ஒரு மூலைக்குச் சரியாக ஒரு பயணி என்று வடிவகணிதம் மாதிரி உட்கார வைத்திருக்கிறது. பிழை குட்டி போட்டுவிட்டது.

பொறியாளர் ஹிரானோ சானுக்கு முகம் வெளுத்தது. கருவியின் உள்ளே எல்லாம் சரியாகவே இருக்கிறதாம். சத்தமில்லாமல் போய், என் மேஜையின் இரு பக்கமும் இரண்டு சிறிய தட்டுகளில் உப்பைக் கூம்பாகக் குவித்து வைத்தார். கெட்டது அண்டாமல் இருக்க இங்கே வைப்பது வழக்கம். "கருவிக்கா, எனக்கா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் தலை வணங்கினார்.

செப்டம்பர் 20, சனி

காலை சாப்பாட்டு நேரத்தில் அத்தை பீன்ஸ் நறுக்கிக்கொண்டே தனக்குள் பேசினார். "அந்த நரி ஜென்மத்துக்கும் திருந்தாது. எங்க உக்கார வச்சாலும் புத்தியக் காட்டுது."

நரி என்று யாரைச் சொல்கிறார்? என்னைத்தான், சந்தேகமே இல்லை. எழிலிடம் கேட்டால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். இந்த வீட்டில் எனக்கு எதிராக என்னமோ நடக்கிறது.

மனசு சரியில்லை. குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பி, சின்னவனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். ஈரத்தில் தாங்குகிறதா என்று சோதனை. தண்ணீர் ஆறும் வரை சோதித்தேன்.

செப்டம்பர் 24, புதன்

குவாபாரா சான் கூப்பிட்டார். கூட்டத்துக்கு முன்பு கணிப்பாளர்களின் வீடுகளுக்கே வந்து, கேம் அங்கே எப்படிப் புழங்குகிறது என்று நேரில் பார்ப்பது அவர் வழக்கம். என் வீட்டுக்கு அக்டோபர் 1 மாலை.

"பெரிய பெட்டிக்கு அறுபது பங்கு, சின்னதுக்கு நாற்பது என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற அனைவரும் இதைத் தலைகீழாக எழுதியிருக்கிறார்கள், இன்னும் அதிகமாகவே. உங்கள் வீட்டில் பெரிய பெட்டியில் விளையாடுவதை எனக்குக் காட்டுங்கள். அதைப் பார்த்து நானும் மனம் மாறலாம்" என்றார்.

"தினமும் விளையாடுகிறோம்" என்றேன். அது ஒரு மாதிரி உண்மைதான். தினமும் விளையாடலாம் என்று நினைக்கிறோம்.

செப்டம்பர் 25, வியாழன்

எழிலிடம் சொன்னேன். அவள் சோறு பிசைவதை நிறுத்திவிட்டாள்.

"அன்னிக்கு நல்லாப் போகலைன்னா சென்னையா?"

"போகும்."

"எட்டாம் கிளாஸ்ல ஒரு பொண்ணு இப்பத்தான் பின்னம்னா பயப்படாம இருக்கா. அவள விட்டுட்டுப் போகச் சொல்லாதீங்க."

பெரியவரில் இந்த வாரம் முழுக்கப் பயிற்சி எடுப்பேன் என்று சத்தியம் செய்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பயிற்சி எடுக்கவில்லை. எல்லோரும் பூங்காவுக்குப் போனோம். கழிவறைக்குப் போன அத்தை வெகுநேரம் வரவே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து பையைத் துழாவினால் சின்னவனையும் காணோம். இரண்டும் ஒரே நேரத்தில் திரும்பின. தற்செயல்தான்.

அக்டோபர் 1, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மாலை கொஞ்சம் முன்னதாகவே அனுமதி வாங்கி வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தால் சாம்பிராணிப் புகை. இன்று சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை. எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது, அத்தைக்கு மறக்குமா? டிவிக்கு முன்னால் வாழையிலை, பொரி, கடலை, சுண்டல். எழிலின் கணக்குப் புத்தகங்கள், வடிவியல் பெட்டி, அரிவாள்மணைக்குப் பதிலாக ஜப்பான் கத்தி. நடுநாயகமாகப் பெரியவர். நெற்றியென்று ஒன்று இருந்தால் எங்கே இருக்குமோ அங்கே சந்தனம், குங்குமம். மேலே சாமந்திச் சரம். காற்றோட்டத் துளைகள் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னப் பொட்டு. டிவிக்கும் நாலு மூலையில் சந்தனம்.

"அத்தை! இதுல இன்னும் கொஞ்ச நேரத்துல விளையாடணும்! மேலதிகாரி வர்றார்!"

"நல்லா இருக்கே. பூஜையில வச்ச ஆயுதத்த எவனாச்சும் எடுப்பானா? நாளைக்குக் காலைல விஜயதசமி. கும்பிட்டுட்டு அப்புறம் எடுங்க."

"என் வேலையே போயிரும் அத்தை!"

"வேலை நிலைக்கத்தானே வச்சிருக்கேன்."

எழில் என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அம்மாவிடம் வாதாடி ஜெயித்தவர் விருதுநகர் மாவட்டத்திலேயே கிடையாது என்று அவளுக்குத் தெரியும். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வீட்டில் உள்ள ஆயுதமெல்லாம் பூஜையில் இருக்கிறது. சின்னவனைக் காணோம்.

"சின்னவன் எங்க? அதுவும் என் தொழில் சாமான்தானே?"

அத்தை பார்வையைச் சுண்டல் பக்கம் திருப்பினார். "அது பொம்மை மாப்ள. பொம்மைக்கு எதுக்குப் பூஜை?"

அழைப்பு மணி அடித்தது.

குவாபாரா சான் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே வந்து, பெரியவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். எழில் ஜப்பானிய மொழியில் விளக்கினாள். பிழைப்புக்கு உதவும் கருவிகளுக்கு வருஷத்துக்கு ஒருநாள் ஓய்வு கொடுத்து வணங்குகிறோம், நாளை காலை வரை தொடக்கூடாது. அவர் மெதுவாகத் தலையசைத்தார். பிறகு பெரியவருக்கு முன்னால் இடுப்பு வரை குனிந்து வணங்கினார்.

"எவ்வளவு அழகு. ஆக, இன்று இதில் யாரும் விளையாட முடியாது."

"இன்று மட்டும்தான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அத்தை சுண்டல் கொண்டுவருகிறேன் என்று சமையலறைக்குள் போனார். நாங்கள் மூன்று பேரும் பெரியவர் முன்னால் கையில் பொரியோடு உட்கார்ந்திருந்தோம். மாற்றல் கடிதம் எந்த நிறக் காகிதத்தில் வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எழில் புடவை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அப்போது சமையலறையிலிருந்து சத்தம் வந்தது. தவளை. நீளமாக, கம்பீரமாக, மூன்று முறை.

குவாபாரா சான் கையிலிருந்த பொரி கீழே கொட்டியது. "தொண்ணூறாவது ஆறு" என்றார் கிசுகிசுப்பாக. "அந்தச் சத்தம் தொண்ணூறாவது ஆற்றைக் கடந்தால்தான் வரும். அலுவலகத்தில் இன்னும் ஒருவரும் அங்கே போகவில்லை."

எல்லோரும் எழுந்து ஓடினோம். அத்தை அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். வலது கையில் கரண்டி. இடது கையில் சின்னவன். எங்களைப் பார்த்ததும் கையைப் பின்னால் கொண்டுபோனார். வாழ்நாள் முழுக்க இதே காட்சியை எதிர்ப்பக்கமிருந்து பார்த்தவர்.

"சும்மா, என்னன்னு பாத்தேன்" என்றார்.

"அத்தை! அப்ப அந்தப் பேய்ப் படகு..."

"பேயாவது பிசாசாவது. ஒழுங்கா உக்கார வச்சா எந்த ஆத்தையும் தாண்டலாம். எலி முன்னாடி, ஒட்டகச்சிவிங்கி பின்னாடி, நரி எப்பவும் என் கண் பார்வையில. முப்பத்து நாலு வருஷம் வேற என்னத்தப் பண்ணேன்?"

ஒரு பொறியாளர் கூட்டம், இரண்டு தட்டு உப்பு, எல்லாம் என் கண்முன் வந்து போயின. அப்புறம் இன்னொன்றும் வந்தது. எழிலைத் திரும்பிப் பார்த்தேன்.

"மூணாவது படகு?"

"துணி காயுற நேரத்துல மட்டும்தாங்க" என்றாள் என் மனைவி.

குவாபாரா சான் என் முகத்தையே பார்த்தார். "தனபாலன் சான், உங்களுக்கு எத்தனையாவது ஆறு?"

"அறுபத்தொன்று" என்று சொல்லிவிட்டேன். யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"பெரிய பெட்டியில்?"

"இரண்டு."

அவர் சிரிக்கவில்லை. அத்தையின் பக்கம் திரும்பி, மிகப் பணிவாக, வீட்டில் இவ்வளவு பெரிய டிவி இருக்கும்போது அதில் ஏன் விளையாடவில்லை என்று கேட்டார். எழில் தமிழில் சொன்னாள். அத்தை இதென்ன கேள்வி என்பது போல அவரைப் பார்த்தார்.

"டிவில ஆடுனா எல்லாரும் பாப்பாங்கள்ல?"

எழில் மொழிபெயர்த்தாள். குவாபாரா சான் பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார். அடியில் இரண்டு கோடு போட்டார். பிறகு தன் பையைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு பழைய, மூலை தேய்ந்த சின்னவனை எடுத்தார்.

"என் மனைவிக்கும் தெரியாது" என்றார்.

சுண்டல் ஆறிப்போயிற்று. அவரும் அத்தையும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து, கருவிகளைக் கம்பியில்லாமல் இணைத்து, ஒரே படகில் ஆறு கடந்தார்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. ஆனால் அவர் நரியைக் கோழி பக்கத்தில் வைத்தபோது அத்தை "ம்ஹூம்" என்றதும் குவாபாரா சானின் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

பெரியவர் பொட்டோடும் பூவோடும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. புதிதாக எதையும் தொடங்க நல்ல நாள் என்பார்கள். பூஜையைக் கும்பிட்டுவிட்டு அறிக்கையைக் கிழித்தேன். புதிதாக எழுதினேன். பெரியவர் இருபது, சின்னவன் எண்பது. காரணம் என்ற இடத்தில் என் மாமியார் சொன்ன ஒரே வரி.

எழிலிடம் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு?" என்றாள். இவ்வளவு நாளும் ஒரு பெட்டியின் மானத்துக்காக அவள் வேலையைப் பணயம் வைத்ததற்கு. அவள் என் தலையில் குட்டினாள், பிறகு அங்கேயே கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தாள்.

அக்டோபர் 3, வெள்ளி

கூட்டத்தில் அறிக்கையைப் படித்தேன். ஹிரானோ சான் எழுந்துபோய் என் மேஜையிலிருந்த உப்பை எடுத்துவிட்டார். பேய்க்குப் பெயர் மங்கையர்க்கரசி என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். பிழைப் பட்டியலில் 'தீர்ந்தது' என்று போட வேண்டுமாம்.

நவம்பர் 13, வியாழன்

தவளைப் படகு வெளியானது. எழிலும் நானும் பயத்தில் ஒரே வாழைப்பழத்தைப் பாதி பாதியாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். ரயிலில் ஒரு காலேஜ் பையன் கையில் எங்கள் தவளை. எட்டிப் பார்த்தேன். நரியைக் கோழி பக்கத்தில் வைத்திருந்தான். சொல்லவா வேண்டாமா என்று யோசித்ததில் நகானோ வந்துவிட்டது.

நவம்பர் 20, வியாழன்

முதல் வாரக் கணக்கு வந்துவிட்டது. நூறு விற்றால் அதில் தொண்ணூற்றொன்று சின்னவன். கடைகளில் சரக்கில்லை, மறுபடி அச்சடிக்கிறார்கள்.

குவாபாரா சான் கூப்பிட்டார். "எண்பது என்றீர்கள். உங்கள் மூன்றாவது கணிப்பும் தப்பு."

அவர் மேஜையில் மாற்றல் கடிதம் இருக்கிறதா என்று தேடினேன்.

"ஆனால் இந்தத் தடவை சரியான பக்கம் பார்த்துத் தப்பு செய்திருக்கிறீர்கள். சிறுசேரியில் உங்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டேன். அத்தை நலமா?"

பள்ளிக்குப் போன் செய்தேன். வகுப்பில் இருக்கிறாள் என்றார்கள். பரவாயில்லை, இருக்கட்டும், வகுப்பிலேயே இருக்கட்டும் என்றேன். ஆபீஸ் மாடிப்படியில் நின்று கொஞ்சம் அழுதேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 25, செவ்வாய்

அத்தையை விமான நிலையத்தில் விட்டுவந்தோம். பாதுகாப்புச் சோதனையில் அவர் பையிலிருந்து ஒரு சின்னவன் வெளியே வந்தது, குவாபாரா சான் பரிசாக அனுப்பியது.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு" என்றார் என்னிடம்.

"சரி அத்தை."

"பறிமுதல் பண்ணி வச்சுக்குறேன்."

வீட்டுக்கு வந்தால் ஹால் வெறிச்சோடிக் கிடந்தது. டிவி சும்மா இருக்கிறது, பின்னால் வந்து நிற்க ஆள் கிடையாது, எழிலுக்கும் இன்று மீட்டிங் இல்லை. ஃபிரிட்ஜில் முதுகை ஒட்டி உட்கார்ந்து பெரியவரைப் பார்த்தேன். குங்குமம் இன்னும் அப்படியே இருக்கிறது. துடைக்கத் துணி எடுத்தேன், அப்புறம் வைத்துவிட்டேன். துடைத்தால் ஆன் செய்ய வேண்டியிருக்கும்.

குளிக்கத் தண்ணீர் நிரம்பிவிட்டது. பிளாஸ்டிக் பையைத்தான் காணோம். எழில் குளியலறையில் இருக்கிறாள், கதவுக்குப் பின்னால் தவளை கத்துகிறது.